குறுக்குக் காற்று

ஸ்தமென்கா கம்பளிக் காலுறையோடு வந்து நின்றதைப் பார்த்ததுமே க்ரோஸ்தானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆகஸ்ட் மாதம். வெளியே தார் ரோடு இளகிக் கிடக்கிறது. திமோக் ஆற்றில் கால் நனைக்கக்கூடத் தண்ணீர் இல்லை. இந்த வெயிலில் ஆட்டு ரோமத்தில் பின்னிய, முழங்கால்வரை ஏறுகிற காலுறை! அதுவும் யாருக்கு? ஐ.சி.யூ. கட்டிலில், ஓர் ஈரத் துணியைத் தவிர உடம்பில் பொட்டுத் துணி இல்லாமல், அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் பை செருகிப் படுத்திருக்கிற தம்பிக்கு.

"தள்ளுடி," என்றாள் ஸ்தமென்கா. "நான் என் தம்பியைப் பாக்கணும்."

"பாருங்க மதினி. இங்க இருந்தே பாருங்க. அந்த மூட்டையை மட்டும் என்கிட்ட குடுங்க."

"என்னடி மூட்டை? காலுறை. எங்கம்மா பின்னினது. இப்படியா ஒரு மனுஷனைப் போட்டு வெப்பாங்க? ஜன்னலும் திறந்து கிடக்கு, கதவும் திறந்து கிடக்கு. ஐயோ, குறுக்குக் காத்துடி! நடுவுல என் தம்பி!"

அந்த ஊரில் மனிதர்கள் எதனால் வேண்டுமானாலும் சாகலாம். ஆனால் கடைசியில் பழி குறுக்குக் காற்றின் தலையில்தான் விழும். ஒரு ஜன்னலைத் திறந்தால் எதிர் ஜன்னல் மூடியாக வேண்டும். இரண்டும் திறந்து காற்று ஊடே பாய்ந்தால் போச்சு. கழுத்துப் பிடிப்பு, காது வலி, வாய் கோணல், மலட்டுத்தனம், மாரடைப்பு என்று எல்லாவற்றுக்கும் அது ஒன்றே காரணம். படித்தவன், படிக்காதவன் என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது. இப்போது கட்டிலில் கிடக்கிற அந்தத் தம்பி, க்ரோஸ்தானாவின் புருஷன் திஹோமிர், அந்த மதத்துக்கே தலைமைப் பூசாரி. பஸ் டிரைவர். கோடை முழுக்க நெகோதின் ஊருக்குப் போகிற பஸ்ஸை அத்தனை ஜன்னலும் சாத்தித்தான் ஓட்டுவார். உள்ளே பயணிகள் வெந்து கொண்டிருப்பார்கள். யாராவது ஒரு ஜன்னலில் கை வைத்தால் கண்ணாடியில் பார்த்து, "வியர்வையில எவனும் செத்ததில்ல, மூடு!" என்று கத்துவார்.

வீட்டில் மட்டும் அவர் பாச்சா பலிக்கவில்லை. க்ரோஸ்தானாவுக்கு மூடின அறையில் மூச்சு முட்டும். அவர் மூடுவார், அவள் திறப்பாள். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அந்தச் சண்டை ஒரு ராத்திரிகூட ஓயவில்லை. "ஒருநாள் இந்தக் காத்து என்னைக் கொல்லப் போகுது, அன்னைக்குத் தெரியும் உனக்கு," என்பார். "அன்னைக்காவது காத்து வரட்டும்," என்பாள் அவள்.

சொன்ன வாயை இப்போது தைத்துவிடலாம் போலிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அண்ணன் ராதிசாவ் வீட்டு முற்றத்தில் கல்யாணப் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தார் திஹோமிர். மறுநாள் ராதிசாவின் மகன் விதாக்குக்குக் கல்யாணம். ஒத்திகை பார்க்க வந்த பேண்ட் கோஷ்டி ஒரு பாட்டை ஆரம்பித்தது. அவர் கம்பை விட்டுவிட்டு அப்படியே குப்புற விழுந்தார். இதயம் நின்றுவிட்டது. கூடியிருந்தவர்களில் பாதிப் பேர் தண்ணீர் தெளித்தார்கள், பாதிப் பேர் சாமி கும்பிட்டார்கள். தவுல்காரன் தெமிர் ஒருத்தன்தான் தவுலைக் கழற்றி எறிந்துவிட்டு மண்டியிட்டு, ஆம்புலன்ஸ் வருகிறவரை நிறுத்தாமல் நெஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தான். ஆம்புலன்ஸில் மின்சாரம் கொடுத்ததும் இதயம் திரும்ப ஓடியது. ஆள் மட்டும் கண் திறக்கவில்லை.

உடனே குடும்பத்துக்குத் தீர்ப்பு சொல்லத் தெரிந்துவிட்டது. "ஜன்னல் திறந்து படுக்க வெச்சாளே, அதான். உள்ள போன காத்து நெஞ்சுல அடைச்சிருக்கு." யாரும் அவள் முகத்துக்கு நேரே சொல்லவில்லை, அவள் காதில் விழுகிற தூரத்தில் நின்று சொன்னார்கள்.

டாக்டர் நெவென்கா வேறு மாதிரிச் சொன்னார். வெடுக்கென்று பேசுகிற, குள்ளமான பெண்மணி. சிரிக்கத் தெரியுமா என்றே சந்தேகம் வரும்.

"கேளுங்கம்மா. இதயம் நின்ன நேரத்துல மூளைக்கு ரத்தம் போகல. இப்ப ரத்தம் திரும்பிடுச்சு. ஆபத்து முடிஞ்சுதுன்னு நெனைக்காதீங்க, இப்பதான் ஆரம்பம். அடிபட்ட மூளை இனிமே வீங்கும். உடம்பு சூடு ஏற ஏற சேதம் கூடும். அதனால முப்பத்தேழுல இருக்க வேண்டிய உடம்பை முப்பத்திமூணு டிகிரிக்கு இறக்கி, ஒரு முழு நாள் அப்படியே வெக்கப் போறேன். குளிர்ல மூளை அடங்கிக் கிடக்கும், அதுக்குத் தேவையும் கொறஞ்சிடும். அப்புறம் மெல்ல மெல்லத்தான் சூடேத்தணும்."

"பொழைச்சிடுவாரா டாக்டரம்மா?"

"சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இதைச் செய்யாம விட்டா, பொழைச்சாலும் நீங்க யாருன்னு தெரியாத ஆளா பொழைக்கலாம். பெரிய ஊருக்கு அனுப்ப முடியாது, ரோட்டுலயே போயிடுவாரு. அங்க இதுக்கு மெஷின் இருக்கு. நம்மகிட்ட ஏ.சி.கூட இல்ல, நேத்துதான் புகைஞ்சு நின்னுச்சு. ஐஸ் இருக்கு, ஈரத் துணி இருக்கு, ரெண்டு ஃபேன் இருக்கு. ஜன்னலையும் கதவையும் திறந்து போட்டா ஆத்துப் பக்கத்துக் காத்து ஊடால வரும். எனக்குக் குறுக்குக் காத்து வேணும். நல்லா வேணும்."

க்ரோஸ்தானாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கல்யாணச் சீசனில் நர்சுகளும் பாதிப் பேர் லீவு. துணியை நனைத்துப் போட ஒரு ஆள் வேண்டும் என்று டாக்டர் அவளையே உள்ளே வைத்துக்கொண்டார். அவள் நனைத்தாள், பிழிந்தாள், போர்த்தினாள், மறுபடி நனைத்தாள். ஊரே ஒரு பக்கம் நின்றால் நிற்கட்டும், இந்தக் குளிரை நான் காவல் காக்கிறேன் என்று மனதுக்குள் வைராக்கியமாகச் சொல்லிக்கொண்டாள்.

அந்தக் காவலுக்குத்தான் சனிக்கிழமை மத்தியானம் ஸ்தமென்கா காலுறையோடு சோதனையாக வந்தாள். ஒருவழியாக அவளை வராந்தா பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, க்ரோஸ்தானா புது ஐஸ் எடுக்க ஆஸ்பத்திரிச் சமையலறைக்கு ஓடினாள். ஃப்ரீஸரைத் திறந்தால் உள்ளே தண்ணீர் தளும்பியது. சமையலறைப் பக்கம் மட்டும் விடியும் முன் கரண்ட் போயிருக்கிறது, ஒருத்தரும் கவனிக்கவில்லை. வைத்திருந்த அத்தனையும் உருகிவிட்டது. சமையல்காரம்மா கையை விரித்தாள். வார்டு வார்டாக ஏறி இறங்கிக் கேட்டதில் ஒரு மணி நேரம் போனதுதான் மிச்சம். க்ரோஸ்தானா வெறும் வாளியோடு திரும்பி ஓடி வந்தாள்.

ஐ.சி.யூ. கதவு சாத்தியிருந்தது.

தள்ளித் திறந்தால் உள்ளே அடுப்படி வெக்கை. ஜன்னல் மூடி, திரையும் இழுத்து விட்டிருந்தது. ஃபேன் இரண்டும் நின்றிருந்தன. திஹோமிரின் மார்பில் ஆட்டுத்தோல் சட்டை. அதை எப்போது, எந்தப் பாவாடைக்குள் ஒளித்துக் கொண்டுவந்தாளோ! இரண்டு விலாப் பக்கமும் ஐஸ் பைக்குப் பதிலாகச் சுடுதண்ணீர் பாட்டில். காலில் அந்தக் காலுறை. ஸ்தமென்கா கட்டில் பக்கத்தில் நின்று, கண்ணீர் வழிய, தம்பியின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பாருடி, உயிர் வந்துடுச்சு! நடுங்கறான் பாரு! இவ்வளவு நேரம் கட்டையா கிடந்தவன்!"

உண்மைதான், அவர் உடம்பு தடதடவென்று நடுங்கியது. மானிட்டர் அலறியது. பக்கத்து அறையில் வேறொரு நோயாளியோடு இருந்த டாக்டர் நெவென்கா பாய்ந்து வந்தார். ஒரு பார்வைதான். பாட்டில் இரண்டையும் பிடுங்கித் தரையில் போட்டார், ஆட்டுத்தோலை உருவி எறிந்தார், குழாய் வழியே மருந்து ஏற்றினார். நடுக்கம் மெல்ல அடங்கியது.

"முப்பத்தஞ்சு தாண்டிடுச்சு," என்றார். "இவ்வளவு வேகமா ஏறவே கூடாது. இப்ப இறக்கலேன்னா நேத்துலேருந்து பட்ட பாடெல்லாம் தண்டம். ஐஸ் எங்க?"

க்ரோஸ்தானா வாளியைக் கவிழ்த்துக் காட்டினாள்.

இந்த ஊரில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், கடையெல்லாம் சாத்தின பிறகு, ஐஸ் எங்கே இருக்கும்? அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். வியாழக்கிழமை அவளும் திஹோமிரும்தானே மீன் பண்ணையிலிருந்து பாளம் பாளமாக ஏற்றி வந்து கல்யாண வீட்டு நிலவறையில் இறக்கினார்கள்!

"ஜன்னலைத் திறங்க டாக்டரம்மா. இதோ வரேன்," என்றாள்.

ராதிசாவ் வீட்டில் கல்யாணம் நிற்கவில்லை. அழைப்புக் குடுவை வீடு வீடாகப் போய், எல்லோரும் அதிலிருந்து ஒரு மடக்கு ரக்கியாச் சாராயம் குடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு நிறுத்தினால், ஆஸ்பத்திரியில் கிடப்பவனை நாமே புதைத்த மாதிரி என்று ராதிசாவ் சொல்லிவிட்டார். சர்ச்சிலிருந்து வந்து பந்தி தொடங்கியிருந்தது. பேண்ட் காதைப் பிளந்தது. பந்தலின் ஓரத்தில் பழைய இரும்புக் குளியல் தொட்டி. அதில் ஐஸ் பாளங்களுக்கு நடுவே பீர் பாட்டில்கள் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன.

ஈர ரவிக்கையும் ஆஸ்பத்திரிச் செருப்புமாக க்ரோஸ்தானா உள்ளே வந்ததும் முதலில் ஊதுகுழல்கள் நின்றன. செத்த செய்திதான் வந்திருக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். சில பெண்கள் முக்காட்டைச் சரி செய்துகொண்டார்கள். அவள் யாரையும் பார்க்காமல் நேரே தொட்டிக்குப் போய், முழங்கைவரை கையை விட்டு, பாட்டில்களை எடுத்துப் புல்லில் போட ஆரம்பித்தாள்.

"க்ரோஸ்தானா!" ராதிசாவ் ஓடி வந்தார். நல்ல மனுஷர்தான், நேற்றிலிருந்து தூங்காத கண்கள். "என்னம்மா? அவன்...?"

"உசுரோட இருக்காரு அத்தான். ஐஸ் வேணும்."

"எதுக்கு?"

"உங்க தம்பிக்கு. ஆஸ்பத்திரி ஐஸ் உருகிப் போச்சு."

அவர் முகம் மாறியது. அவள் கையைப் பிடித்துத் தொட்டியிலிருந்து வெளியே இழுத்தார். "போதும். இருபத்திரெண்டு வருஷமா ஜன்னலைத் திறந்து திறந்து அவனை அங்க படுக்க வெச்ச. இன்னும் உனக்கு ஆறலையா? பிணத்துக்குத்தாம்மா ஐஸ் வெப்பாங்க! என் கையால என் தம்பிக்கு நான் அதைக் குடுக்க மாட்டேன்."

எல்லோரும் மனதில் வைத்திருந்ததை அவர் ஒருவழியாக அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். க்ரோஸ்தானாவுக்கு வலித்தது; பிறகு, என்ன ஆச்சரியம், வலி போய்க் கோபம் வந்தது. இருபத்திரண்டு வருஷக் கோபம்.

"பிணத்துக்கு வெக்கன்னு கேட்டா குடுப்பீங்க இல்ல? அப்ப கேக்காமலே குடுப்பீங்க. வண்டி வெச்சுக் கொண்டுவருவீங்க. மூச்சு இருக்கறப்ப கேக்கறேன், இப்ப மட்டும் கை வரமாட்டேங்குதா? இந்த ஐஸை அவர்தான் தோள்ல தூக்கி இறக்கினாரு. அவர் தூக்கின ஐஸ் அவருக்கு இல்ல, உங்க பீருக்கா?"

"வாயை அடக்கு!"

"மாட்டேன். உங்க விதாக்குக்கு மூணு வயசுல காய்ச்சல் வந்து கண்ணு மேல செருகிச்சே, ஞாபகம் இருக்கா? நீங்க எல்லாரும் ரஜாயைப் போட்டுப் போட்டுப் பொத்தினீங்க. கிணத்தடிக்குத் தூக்கிட்டுப் போய் மாட்டுத் தொட்டித் தண்ணியில முக்கி எடுத்தது யாரு? குறுக்குக் காத்துக்கு நடுங்கற அந்த மனுஷன்தான்! அன்னைக்கு மட்டும் பயப்படல. இன்னைக்கு அவர் தலைக்குள்ள அதே நெருப்பு எரியுது அத்தான். நீங்க பொத்தச் சொல்றீங்க."

ராதிசாவ் வாசலைக் கை நீட்டிக் காட்டினார். "அவன் செத்தான்னா, நீ இந்த வாசப்படி ஏறக் கூடாது."

"ஏறலை. அவர் செத்தா, எல்லார் பழியும் என் தலையில ஏத்திக்கிட்டுத் தனியாவே பொணத்துக்கு முன்னால நடக்கறேன். அதுவரைக்கும் இந்த ஐஸ் என்னுது!"

மறுபடி கையை உள்ளே விட்டாள். பாளம் வழுக்கியது, தூக்க முடியவில்லை. அப்போது அவள் பக்கத்தில் இன்னொரு ஜோடிக் கை தண்ணீருக்குள் இறங்கியது. வெள்ளைச் சட்டைக் கை, பூவோடு. மாப்பிள்ளை விதாக்.

"டேய், சட்டை!" என்று கத்தினார் ராதிசாவ்.

"மாட்டுத் தொட்டியில இருந்ததே நான்தாம்ப்பா," என்றான் விதாக். "தொட்டியோட தூக்கலாம் சித்தி. பாட்டிலை எடுங்க."

"பீரெல்லாம் சூடாயிடுமேப்பா," என்று ஏதோ ஒரு மேசையிலிருந்து ஒரு குரல் அங்கலாய்த்தது.

"சூடாவே குடிங்க!" என்று மணப்பெண் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு சத்தம் போட்டாள். யாரோ சிரித்தார்கள். தவுல்காரன் தெமிர் மறுபடி தவுலைக் கழற்றினான். அவனும் விதாக்கும் இன்னும் இரண்டு பேரும் தொட்டியைத் தூக்கிப் பேண்ட் கோஷ்டியின் வேனில் ஏற்றினார்கள். ராதிசாவ் நகரவும் இல்லை, தடுக்கவும் இல்லை. பாட்டில்கள் சிதறிக் கிடந்த புல்லைப் பார்த்தபடி நின்றார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் குளியல் தொட்டி வந்த சத்தத்தில் மற்ற நோயாளிகளின் உறவுக்காரர்களெல்லாம் எழுந்து நின்றுவிட்டார்கள். பூ வைத்த மாப்பிள்ளை சுத்தியலால் ஐஸ் உடைத்தான். பைகள் நிறைந்தன. கழுத்து, அக்குள், தொடை என்று டாக்டர் வைத்துக்கொண்டே போனார். க்ரோஸ்தானா துணியை ஐஸ் தண்ணீரில் முக்கி விரித்தாள். ஃபேன் சுழன்றது, திரை படபடத்தது. முப்பத்தைந்து மெல்ல முப்பத்து நாலாகி, பிறகு அங்கிருந்தும் இறங்கியது.

ஸ்தமென்கா ஒரு மூலையில் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். தான் செய்தது என்னவென்று அவளுக்குப் புரிந்துவிட்டது. க்ரோஸ்தானா குனிந்து காலுறையைக் கழற்றப் போனாள்.

"அதை விடுங்க," என்றார் டாக்டர்.

"என்னது?"

"காலுறை இருக்கட்டும். கை, கால் நுனி கதகதப்பா இருந்தா உடம்பு நடுங்காது. நடுங்கினாதான் சூடு ஏறும். மூளைக்குத்தான் குளிர் வேணும், பாதத்துக்கு வேண்டியதில்ல."

ஸ்தமென்கா மூக்கை உறிஞ்சினாள். "அப்ப நான் செஞ்சது தப்பில்லதானே?"

"ஆட்டுத்தோல் தப்பு. சுடுதண்ணி பாட்டில் பெரிய தப்பு. ஜன்னலை மூடினதுக்கு உங்களைப் போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கணும். காலுறை மட்டும் சரி."

ஸ்தமென்கா காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. முகம் தெளிந்துவிட்டது. "எங்கம்மா பின்னினது," என்றாள் பெருமையாக. பிறகு தன் கழுத்தைச் சால்வையால் இறுக்கிச் சுற்றிக்கொண்டு, சிலுவை போட்டுக்கொண்டு, காற்றுப் பாய்கிற நட்ட நடுவில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து துணி நனைக்க ஆரம்பித்தாள். சாகத் துணிந்தவள் முகம் எப்படி இருக்கும் என்று க்ரோஸ்தானா அன்றைக்குத்தான் பார்த்தாள்.

சாயங்காலம் ராதிசாவ் வந்தார். காகிதத்தில் சுற்றிய சுட்ட பன்றிக்கறியை க்ரோஸ்தானாவின் பக்கத்தில் வைத்தார். காற்றில் கதவு அடித்துக்கொள்வதைப் பார்த்தார். பிறகு ஒரு செங்கல்லைக் கொண்டுவந்து, கதவு மூடாதபடி முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகுதான் கஷ்டமான பகுதி. டாக்டர் சொன்னபடி பார்த்துப் பார்த்து உடம்பைச் சூடேற்றினார்கள். நடுங்காமல் இருக்கக் கொடுத்துவந்த தூக்க மருந்தை நிறுத்தினார்கள். ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. திஹோமிர் கண் திறக்கவில்லை. டாக்டர் நெவென்கா கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார், நகத்தை அழுத்திப் பார்ப்பார், "கையை அமுக்குங்க" என்று காதருகே கத்துவார். ஒன்றுமில்லை. "பொறுக்கணும். குளிர வெச்ச உடம்புல மருந்து சீக்கிரம் கரையாது," என்பார். ஆனால் அவர் குரலில் பழைய வெடுக்கு இல்லை.

க்ரோஸ்தானாவுக்குப் பயம் வந்தது. ஒருவேளை அவர்கள் சொன்னதுதான் சரியோ? பிணத்துக்கு வைக்கிற ஐஸைத்தான் வைத்தேனோ? அப்படி நினைத்த அடுத்த நிமிஷமே தன்மேல் கோபம் வந்தது. அந்தக் கோபத்தை அவர்மேல் திருப்பினாள்.

"என்னய்யா, வீம்பா? படுத்தே என்னை ஜெயிச்சிடலாம்னு பாக்கறீரா? பாரும், ஜன்னல் திறந்திருக்கு. கதவும் திறந்திருக்கு. உம்ம மேலதான் அடிக்குது காத்து. ரோஷம் இருந்தா எழுந்து கத்தும்!"

செவ்வாய்க்கிழமை வெயில் இறங்கி ஆற்றுப் பக்கமிருந்து நல்ல காற்று வந்தது. டாக்டர் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். ஸ்தமென்கா ஸ்டூலில் இருந்தாள். திரை உப்பி எழுந்து திஹோமிரின் தோளில் உரசியது.

அவர் புருவம் சுருங்கியது.

வலது கை அசைந்தது. மெத்தையைத் துழாவியது. போர்வையின் விளிம்பைக் கண்டுபிடித்து, பிடித்து, மெல்ல மெல்ல இழுத்துக் கழுத்துவரை மூடிக்கொண்டது. கண் திறந்தது. கலங்கலாக ஜன்னலைப் பார்த்தது. பிறகு திரும்பி, தேடி, க்ரோஸ்தானாவின் முகத்தில் வந்து நின்றது. வாயில் மூச்சுக் குழாய் இருந்ததால் பேச முடியவில்லை. பேச வேண்டிய அவசியமே இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் படுக்கையில் அவள் பார்த்த அதே எரிச்சல், அட்சரம் பிசகாமல் அப்படியே இருந்தது. யாரைத் திட்ட வேண்டும் என்று அந்த மூளைக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

டாக்டர் நெவென்கா பேனாவைக் கீழே போட்டுவிட்டார். அந்த அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியும்.

"குளிருதுடி அவனுக்கு! என் கண்ணே!" ஸ்தமென்கா துள்ளி எழுந்து ஜன்னலை மூட ஓடினாள்.

"கை வெச்சீங்க, நடக்கறதே வேற மதினி!" க்ரோஸ்தானா கத்தினாள். கண்ணீர் கன்னத்தில் வழிந்து வாய்க்குள் போயிற்று, துடைக்கவில்லை. "வேணும்னா அவரே எழுந்து வந்து மூடட்டும்!"

இலையுதிர் காலம் தொடங்கும் முன் அவரே எழுந்தார். ஆஸ்பத்திரிச் சட்டையில், அம்மா பின்னிய காலுறையோடு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் போய், ஜன்னலைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டார். க்ரோஸ்தானா உட்கார்ந்த இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி நடந்து வந்து கட்டிலில் படுத்து, போர்வையை இழுத்து மூடுகிறவரை பொறுமையாக இருந்தாள். பிறகு எழுந்து போய்த் திறந்தாள்.